கன்றுக்கு நோகாமல் பிடுங்கிய இலை

வாய்க்கால் வரம்பில் எப்போதும் எனக்கு இரண்டடி முன்னால் நடந்த என் இராசம் மச்சாளுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இந்தக் கடிதத்தை உன் படத்துக்கு முன்னால் நின்று படிக்கலாம் என்றால், உன் வீட்டுக்குள் என்னை விடமாட்டார்கள். உன் அம்மா, என் மாமி, என்னோடு கதைப்பதில்லை. ஆகவே பத்திரிகைக்கு அனுப்புகிறேன். நாலு பேர் படிக்கட்டும். நாலு பேருக்கு முன்னால்தான் உன்னைக் குற்றவாளி ஆக்கினார்கள். அந்த நாலு பேரில் நானும் ஒருத்தி, வாய் திறக்காமல் நின்றவள்.

உன்னைத் தெரியாதவர்களுக்காகச் சிலவற்றை முதலில் சொல்லவேண்டும், குறை நினைக்காதே. நீ என் மாமாவின் மகள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து நம் இரண்டு குடும்பங்களும் ஒரே லொறியில் உருத்திரபுரத்துக்கு வந்து இறங்கியபோது உனக்குப் பதினொரு வயது, எனக்கு எட்டு. அடுத்தடுத்த காணி. நீ ஐந்தாம் வகுப்போடு நின்றாய். நான் படித்துக்கொண்டே போய்ப் பல்கலைக்கழகம் வரை போனேன். நம் இரண்டு வீட்டிலும் அந்தப் படி ஏறியவள் நான் ஒருத்திதான். விலங்கியல் படித்துவிட்டு வந்து, பக்கத்து அரசாங்கப் பண்ணையில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தபோது, நீ அங்கே நாட்கூலிக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

முதல் நாள் நான் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு பண்ணை வாசலில் தயங்கி நின்றேன். நீ மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி உரக்கச் சொன்னாய்: "வழி விடுங்கோ, படிச்ச மச்சாள் வந்திட்டா! இனிப் புழுவெல்லாம் எழும்பி நிண்டு வணக்கம் சொல்லும்!" எல்லோரும் சிரித்தார்கள். நான் நிலத்துக்குள் புதைந்துவிடலாமா என்று பார்த்தேன். ஆட்களைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியும். புழுக்களோடு எனக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அந்தச் சிறுபோகப் பருவத்தில் பண்ணைக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் மிளகாய்தான் பெரிய நம்பிக்கை. மிளகாய்க்கு இலை தின்னும் புழுதான் பெரிய பகை. அந்துப்பூச்சி இலையின் அடியில் முட்டைகளைக் குவியலாக இட்டுவிட்டுப் போகும். பொரித்த புழு நூல் போல இருக்கும்போது மருந்து பட்டால் உடனே சாகும். கொழுத்துவிட்டால் மருந்தில் குளித்துவிட்டும் தின்னும். ஆகவே முட்டை பொரித்து எத்தனையாம் நாள் மருந்தடிக்க வேண்டும் என்று பயிர் செய்யும் கமக்காரருக்கு ஓர் அட்டவணை அச்சடித்துக் கொடுக்கவேண்டும் என்றார் பண்ணைப் பொறுப்பாளர். அவரை நாம் சேர் என்போம். யாழ்ப்பாணப் பட்டினத்துக்காரர், நேரம் தவறாதவர், தன் வேலையில் நேர்மையானவர். அதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

அட்டவணைக்காகப் புழுக்களைக் கண்ணாடிப் போத்தல்களில் வளர்த்தோம். காலையில் நீ மிளகாய்ப் பாத்திக்குள் போய் இலை பிடுங்கி, பனியைத் துடைத்து, போத்தலுக்கு ஒரு பிடியாகப் போடுவாய். நான் புழுக்களை நிறுத்து எழுதுவேன். போத்தலின் அடியில் கிடக்கும் எச்சத்தையும் கூட்டி எடுத்து நிறுத்து எழுதுவேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் உனக்குச் சிரிப்பு.

"எடி பரமேசு, இதுக்கோ பட்டம் வாங்கினனீ? புழுப் பீ நிறுக்கிறதுக்கோ?"

"சத்தம் போடாதை மச்சாள், சேர் கேட்டிடுவார்."

"கேக்கட்டும். அவருக்கும் ஒரு தராசு குடு."

உள்ளே சிரித்துக்கொண்டேன். வெளியே சிரிக்க எனக்குப் பயம். அந்தப் பயம் பிறகு என்ன செய்தது என்று உனக்குத் தெரியும்.

மாதத்தில் நாலு நாள் நீ வரமாட்டாய். "சுகமில்லையாம்" என்று யாரிடமாவது சொல்லிவிடுவாய். என்ன சுகமில்லை என்று நான் கேட்டதில்லை, எந்தப் பெண்ணும் கேட்கமாட்டாள். மாதத் துடக்கோடு மிளகாய்ப் பாத்திக்குள் கால் வைத்தால் கன்று வாடிப்போகும் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். நெல் வயல் வேலை என்றால் பார்த்தும் பாராமல் விடுவார்கள். மிளகாய்க்கு மட்டும் விடமாட்டார்கள். அந்த நாலு நாளும் காவல்காரர் அருளப்பு அண்ணைதான் இலை பிடுங்கி வருவார். அவர் முல்லைத்தீவுக் கடற்கரைக்காரர். முழங்கால் வருத்தத்தில் கடலை விட்டுவிட்டுப் பண்ணைக்கு வந்தவர். மிளகாய்க் கன்றை இங்கே வந்துதான் கிட்டப் பார்த்தாராம்.

இரண்டு மூன்று மாதம் போனபிறகு என் குறிப்புப் புத்தகத்தில் ஒரு கோளாறு தெரிந்தது. புழுக்களின் நிறை ஒரே சீராக ஏறவில்லை. சில நாட்கள் மெதுவாக ஊர்ந்துபோகும். திடீரென்று மூன்று நாலு நாட்கள் துள்ளி ஏறும். பிறகு மறுபடியும் ஊரும். தராசில் பிழையோ, மழை இருட்டோ என்று நானே எனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

சேர் கேட்டார். புத்தகத்தை ஒரு கையிலும் கூலியாட்களின் வரவுப் பதிவை மறு கையிலும் வைத்துக்கொண்டு புழு அறைக்குள் வந்தார். நீ, நான், அருளப்பு அண்ணை, கணக்கெழுதும் இலிகிதர், போத்தல் கழுவ வந்த இரண்டு பெண்கள், எல்லோரும் அங்கே நின்றோம்.

"ஒரே புழு, ஒரே தோட்டம், ஒரே அறை. ஏன் இது இப்பிடி ஏறி இறங்குது?" என்றார். வரவுப் பதிவை விரித்தார். "நான் சொல்லுறன். இராசம்மா வராத நாளெல்லாம் புழு கொழுக்குது. வந்த நாளெல்லாம் மெலியுது. இதுக்கு என்ன அர்த்தம்?"

"நான் ஒரு நாளும் குறைச்சுப் போடேல்லை சேர்," என்றாய்.

"அப்ப புழு ஏன் பட்டினி கிடக்குது?"

"எனக்குத் தெரியாது சேர். நான் மிளகாய்க் கண்டுக்கு நோகாமல்தான் பிடுங்கினனான்."

"கண்டைப் பற்றி நான் கேக்கேல்லை, புழுவைப் பற்றிக் கேக்கிறன். சரி, மாதாமாதம் நாலு நாள் எங்க போறனீர்? வேற இடத்தில கூலிக்கோ?"

நீ என்னைப் பார்த்தாய், இராசம். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. 'நீ படித்தவள், நீ சொன்னால் கேட்பார், சொல்லேன்' என்கிற சாதாரணப் பார்வை. அந்த ஒரு சொல்லை ஆண்களுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? நான் போத்தல் மூடியில் கட்டிய துணியை இறுக்கிக்கொண்டு நின்றேன். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

சேர் புத்தகத்தின் ஓரத்தில் எழுதினார்: "இலை பிடுங்கும் கூலியாளின் ஏமாற்று. புழுக்கள் பட்டினி." மறுநாள் முதல் உனக்கு வேலை இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் நீ என்னை ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். வரம்பில் முன்னால் போய்க்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாய்: "உனக்கு வாய் இருக்கெண்டு நான் நினைச்சுக்கொண்டு நிண்டன்." அவ்வளவுதான். பிறகு, இரவுச் சாப்பாட்டுக்கு என்ன கறி என்று கேட்டாய்.

நீ ஸ்கந்தபுரத்தில் ஒரு தோட்டத்துக்குக் களை பிடுங்கப் போனாய். மூன்றாம் வாரம், குவித்துவைத்த களைக்குள் புடையன் பாம்பு கிடந்தது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். கிளிநொச்சி ஆஸ்பத்திரியை எட்டும் முன்பே எல்லாம் முடிந்தது. நான் அதைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. பாம்பு பண்ணையிலும் உண்டு என்று எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். உண்டுதான். ஆனால் அந்தக் களைக்குவியல் பண்ணையில் இருக்கவில்லை.

நீ போனபிறகும் உன்னை விடவில்லை. பஸ் நிற்கும் இடத்தில் என் காதுபடவே ஒருத்தி சொன்னாள்: "பண்ணையில களவு பிடிச்சு நிப்பாட்டினவையல்லோ, அந்தப் பெட்டைதான்." புத்தகத்தின் ஓரத்தில் இருந்த 'ஏமாற்று' ஊருக்குள் வரும்போது களவாகிவிட்டது. பஸ் வந்தது, ஏறினேன்.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய முதல் காலை. இலை பிடுங்க ஆள் போடவில்லை. அருளப்பு அண்ணையும் நானும் ஆளுக்கொரு பெட்டியோடு பாத்திக்குள் இறங்கினோம். இரண்டு வரிசை முடிந்து நிமிர்ந்தபோது அவருடைய பெட்டி என் கண்ணில் பட்டது. இளம்பச்சை. பளபளவென்று, தொட்டால் கசங்கும் இலைகள். என் பெட்டியைப் பார்த்தேன். கரும்பச்சை. தடித்த, சொரசொரத்த இலைகள், சிலவற்றில் மஞ்சள் புள்ளி.

"அண்ணை, நீங்கள் எந்த இடத்தில பிடுங்கிறனீங்கள்?"

"இதென்ன கேள்வி பிள்ளை? மேலதான். குனிய ஏலுமே எனக்கு? நிண்டபடி கைக்கு வாறதைப் பிடுங்கிறன்."

"நுனியைக் கிள்ளுறனீங்களோ?"

"ஏன், நுனியும் இலைதானே? எங்கட கடலில தலைமீன், வால்மீன் எண்டெல்லாம் பாக்கிறேல்லை. வலையில வந்தது வந்ததுதான்."

நான் என் கையைப் பார்த்தேன். யாரும் சொல்லாமலே அது அடி இலைக்குத்தான் போயிருந்தது. காய்க்கிற கன்றின் நுனியைக் கிள்ளக் கமக்காரக் குடும்பத்துப் பெண்ணின் கை வராது. அங்கேதான் பூ வரும், காய் வரும். அடி இலை எப்படியும் நாளைக்கு விழப்போகிறது, அதைப் பிடுங்கினால் கன்றுக்கு நோகாது. நீ அந்த அறையில் சேருக்குச் சொன்ன பதில் அதுதான். முழுப் பதிலும் அதற்குள் இருந்தது. சேருக்கு அது விளங்கவில்லை, அவர் பட்டினத்துக்காரர். எனக்கு ஏன் விளங்கவில்லை?

உன்னிடம் முதல் நாள் நான் சொன்னது, "மச்சாள், புழுவுக்கு இலை பிடுங்கிக்கொண்டு வா," என்பதுதான். எந்த இலை என்று சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை. பிடுங்குகிற இலை என்றால் அடி இலை என்பது என் தலைக்குள்ளும் கேள்வி கேட்காமல் உட்கார்ந்திருந்தது. வேறு ஊர்க்காரி ஒருத்தி அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாள். இந்தப் பிழையை நம் ஊர்க்காரிதான் விடமுடியும். நான் விட்டேன்.

பாத்திக்குள்ளேயே இருந்து அழுதேன். அருளப்பு அண்ணை பயந்துபோய், "என்ன பிள்ளை, தேளோ?" என்று ஓடிவந்தார்.

அழுது முடித்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். ஒரு வரிசைக் கன்றுகளில் ஒவ்வொரு இலையும் விரியும் நாளில் அதன் காம்பில் நிற நூல் கட்டினேன். ஒரு வாரத்துக்கு ஒரு நிறம். பார்த்தவர்கள் மிளகாய்க்குக் கலியாணமோ என்று கேட்டார்கள். இப்படி ஓர் இலைக்கு எத்தனை நாள் வயது என்று என்னால் சொல்ல முடிந்தது. ஒரே முட்டைக் குவியலில் பொரித்த புழுக்களைப் பிரித்தேன். ஒரு பாதிக்கு விரிந்து சில நாளே ஆன இளம் இலை. மறுபாதிக்கு முற்றிய அடி இலை. ஒவ்வொரு போத்தலுக்கும் நிறுத்தே போட்டேன், தீரத்தீரப் போட்டேன். யாரும் பட்டினி என்று சொல்ல முடியாதபடி.

நீ பார்த்திருக்கவேண்டும், இராசம். இளம் இலை தின்ற புழு மெழுகு பூசியதுபோல மினுங்கியது. தோல் உரிப்பதும், அடுத்த உடையைப் போட்டுக்கொள்வதும், வளர்வதும் ஒரே அவசரம். முற்றிய இலை கொடுத்த போத்தலில், பொரித்த குஞ்சுகளில் பல அந்தத் தடித்த தோலைக் கடிக்க முடியாமலே செத்தன. தப்பியவை தின்றன, தின்றுகொண்டே இருந்தன. காதை வைத்தால் கேட்கும் அளவுக்குத் தின்றன. ஆனால் வளர்ச்சி இல்லை. இளம் இலைப் புழுக்கள் மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழு ஆனபின்னும் அடி இலைப் புழுக்கள் நாட்கணக்காக இலையிலேயே கிடந்தன. ஆன கூட்டுப்புழுவும் சிறிது. வெளிவந்த அந்துப்பூச்சியும் சிறிது. முற்றிய இலையில் சத்தும் ஈரமும் குறைவு, நார் அதிகம். நாள் முழுக்க வெறும் வைக்கோலைத் தின்ற மாடு போல, வயிறு நிறையும், உடம்பு பிடிக்காது.

பிறகு ஒரு நாள் பழைய புத்தகத்தைத் திறந்து, யாருமே படிக்காத அந்த எச்சக் கணக்கைப் பார்த்தேன். நீ இலை போட்ட நாட்களில்தான் எச்சம் அதிகம்! புழு பட்டினி கிடந்திருந்தால் அவ்வளவு எச்சம் எங்கிருந்து வந்தது? உன்னைக் குற்றமற்றவள் என்று காட்டும் சாட்சி, உன்னை வேலையை விட்டு நிறுத்திய அதே புத்தகத்தில், என் சொந்தக் கையெழுத்தில், அந்த நாளிலேயே இருந்தது. நீ பார்த்துச் சிரித்த கணக்கு. ஒருமுறை புரட்டிப் பார்த்திருந்தால் போதும்.

இதற்குள், மேலிடம் அவசரப்படுத்தியதால், புழு பட்டினி என்று தானே எழுதிய அந்தப் புத்தகத்து நாட்களையே வைத்து சேர் அட்டவணையை அச்சடித்து ஊரூராகக் கொடுத்துவிட்டார். அது அடி இலை தின்ற புழுவின் அட்டவணை. ஆனால் தோட்டத்தில் நட்டு வேர் பிடித்த கன்று முழுக்க இளம் இலை. மழைக்குப் பின்னும் பசளை போட்ட பின்னும் கன்று முழுக்கத் துளிர். அங்கே பிறந்த புழு அட்டவணைக்குக் காத்திருக்குமா? அட்டவணை சொன்ன நாளில் மருந்து தெளித்தவர்கள், விரல் தடிப்பான புழுக்கள் மருந்து சொட்டச் சொட்டத் தின்பதைப் பார்த்தார்கள். ஒரு சுற்றுப் பூவே போனது.

கமக்காரர் கூட்டம் பண்ணைக் கொட்டகையில் நடந்தது. நம் ஊரும் ஸ்கந்தபுரமும் நெடுங்கேணிப் பக்கத்துச் சிலரும் வந்திருந்தார்கள். எல்லோரும் ஆண்கள். ஸ்கந்தபுரத்துக்காரர் ஒருவர் எழும்பி, அட்டவணையைத் தலைக்கு மேல் பிடித்தார்.

"சேர், உங்கட புழு பள்ளிக்கூடம் போன புழு போல. எங்கட புழுவுக்குக் கலண்டர் வாசிக்கத் தெரியாது."

கொட்டகை சிரித்தது. சேரின் முகம் சிவந்தது. "நீங்கள் சொன்ன நாளுக்கு அடிச்சிருக்கமாட்டியள்," என்றார்.

"அடிச்சனாங்கள் சேர்!" என்று பத்துக் குரல்கள்.

அப்போது நான் எழும்பினேன். ஏன் எழும்பினேன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. குரல் யாருடையதோ போல வந்தது. ஆனால் வந்தது.

"அவை சொன்ன நாளுக்குத்தான் அடிச்சவை சேர். பிழை அட்டவணையில. அது முத்தின இலை திண்ட புழுவின்ர கணக்கு. இளம் இலை திண்டால் புழு நாட்கணக்கில முந்தி வளருது. நாளைப் பாக்கக்கூடாது, இலையைப் பாக்கவேணும். கன்று துளிர்த்து நிக்கேக்க முட்டை கண்டால் பொரிச்ச உடனயே அடிக்கவேணும்."

"இருங்கோ பிள்ளை, அதைப் பிறகு கதைப்பம்."

"இல்லை சேர், இப்பவே கதைக்கவேணும். இந்தப் பண்ணையில இராசம்மா எண்டு ஒருத்தி இலை பிடுங்கினவ. ஏமாத்தினவ எண்டு நிப்பாட்டினீங்கள். அவ ஏமாத்தேல்லை. கன்றுக்கு நோகக்கூடாதெண்டு அடி இலையைப் பிடுங்கினவ. மாதத்தில நாலு நாள் புழு கொழுத்தது, அந்த நாலு நாளும் அருளப்பு அண்ணை நுனி இலையைப் பிடுங்கினபடியால்."

"அது சரி, அந்த நாலு நாள் அவ எங்க போனவ?" என்றார் முன்வரிசையில் ஒருவர். சும்மா கேட்டார், பாவம்.

"துடக்கு," என்றேன். "அவ துடக்காய் இருந்தவ. மிளகாய்க்குள்ள இறங்கக்கூடாதெண்டு நீங்கள் எல்லாரும் சொல்லி வளத்தபடியால் வீட்டில இருந்தவ."

ஒருவர் இருமினார். பின்னால் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். பலருக்கு நிலத்தில் ஏதோ அவசரமாகப் பார்க்கவேண்டி இருந்தது. என் காது இரண்டும் நெருப்பு. அருளப்பு அண்ணை மட்டும் கதவடியில் நின்றபடி, "ஓம் சேர், நான்தான் நுனியால பிடுங்கினனான். தெரிஞ்சிருந்தால் அண்டைக்கே சொல்லியிருப்பன்," என்றார். அவருக்கு என் வாழ்நாள் முழுதும் கடமைப்பட்டிருக்கிறேன்.

பிறகு சேர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நூல் கட்டிய கன்றுகளின் கணக்கு முழுவதையும் ஒரு மணி நேரம் பார்த்தார். எச்சக் கணக்கில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் பார்த்தார். "அட்டவணையை மாத்துவம்," என்றார் கடைசியில். "ஆனா பிள்ளை, அறிக்கையில 'கூலியாள் மாற்றத்தினால்' எண்டு மட்டும் போடுவம். மற்றதெல்லாம் எப்பிடி எழுதுறது?"

"எழுத ஏலாததை எழுதச் சொல்லி நான் கேக்கேல்லை சேர். எழுதினதை வெட்டச் சொல்லிக் கேக்கிறன்."

அவர் அந்த வரியைப் பார்த்தார். பேனையை எடுத்து வெட்டினார், ஒரே கோடு. வெட்டிய இடத்துக்குக் கீழே நான் எழுதினேன்: "இலை பிடுங்கியவர் இராசம்மா. அவர் வேலையில் குறை இல்லை. எந்த வயது இலை என்று சொல்லாத பிழை ஆராய்ச்சி உதவியாளருடையது." என் முழுப் பெயரையும் எழுதிக் கையொப்பம் வைத்தேன்.

"உம்மட வேலை இன்னும் நிரந்தரமாகேல்லை. இதை மேலிடம் பாக்கும். உமக்குத்தான் கெடுதல்," என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, கவலையாகத்தான் சொன்னார்.

"பாக்கட்டும் சேர்."

இதுவரை நான் வெற்றிக்கதை சொல்வதுபோல இருக்கிறது. இனி உன் வீட்டுக் கதை. அன்று பின்னேரமே செய்தி எனக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. உங்கள் படலையைத் திறந்தபோது மாமி முற்றத்தில் நின்றா.

"வாடி, வா. செத்தவளின்ர துடக்கை முழுச் சபைக்கும் சொல்லிப்போட்டு வாறியோ? அவள் உயிரோட இருக்கேக்க வாய் திறக்காதவள், இப்ப யாருக்குத் திறந்தனீ?"

"மாமி, இராசம் கள்ளி இல்லையெண்டு..."

"கள்ளியெண்டு சொன்னால் ரெண்டு நாளையில மறந்திடுவினம். இதை மறப்பினமே? போ. இனி இந்தப் படலையைத் தொடாதை."

இப்போது யாருக்கு வாய் திறந்தாய் என்று மாமி கேட்டாவே, இராசம். அது நியாயமான கேள்வி. 'இதை மறப்பினமே' என்றதற்குத்தான் என்னிடம் பதில் இருக்கிறது. மறக்கவேண்டாம். யாரும் மறக்கவேண்டாம். மாதத்தில் நாலு நாள் பெண்கள் எங்கே போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், தெரியாதது போல நடிப்பதற்குத்தான் ஊர் பழகியிருக்கிறது. அந்த நடிப்புக்காக ஒரு வேலைக்காரியின் நேர்மையை விலையாகக் கொடுக்கச் சொன்னால், நான் கொடுக்கமாட்டேன். ஒருமுறை கொடுத்துவிட்டேன், போதும். வெட்கம் என்னுடையதாக இருந்தது, தண்டனை உன்னுடையதாக இருந்தது. இந்தப் பங்கீட்டை யார் செய்தது?

நீ இருந்திருந்தால் யார் பக்கம் நின்றிருப்பாய்? மாமியின் பக்கமா, என் பக்கமா? சில நாள் நீ என் தலையில் குட்டுவதுபோல இருக்கிறது. சில நாள் நீ கொட்டகைக் கதவடியில் நின்று சிரிப்பதுபோல இருக்கிறது. எதுவென்று முடிவுகட்ட எனக்கு உரிமை இல்லை.

இங்குள்ள செய்திகள் இன்னும் சில. புதிய அட்டவணையில் நாட்களுக்குப் பதில் இலையின் படங்கள் இருக்கின்றன: துளிர், இளசு, முற்றல். ஸ்கந்தபுரத்துக்காரர் வந்து, "இப்பதான் புழுவுக்கு விளங்கிற மொழியில எழுதியிருக்கிறியள்," என்றார். இந்த முறை பூ தங்கியிருக்கிறது. குறிப்புப் புத்தகத்தில், யார் இலை பிடுங்கினார், கன்றின் எந்த இடத்தில் பிடுங்கினார் என்று எழுத இரண்டு புதுப் பத்திகள் கோடு போட்டிருக்கிறேன். மேலிடத்திலிருந்து எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாலு பக்கம் தாண்டிவிட்டது, அந்தச் சொல்லையும் எழுதியிருக்கிறேன்.

சென்ற மாதம் என் நாட்களிலும் நான் பாத்திக்குள் இறங்கி இலை பிடுங்கினேன். பிடுங்கியவர் பத்தியில் என் பெயரை எழுதினேன். முதல் நாள் கால் வைக்கும்போது உடம்பு கூசியது, அதையும் மறைக்கவில்லை. அந்தக் கன்றுகளை ஒரு மாதமாகப் பார்க்கிறேன். பூத்திருக்கின்றன, காய்த்திருக்கின்றன. அவற்றுக்கு என்னால் எந்தக் கெடுதலும் வரவில்லை. நீ இதைக் கேட்டால் என்னை ஏசுவாய் என்றும் தெரியும். ஏசு.

மாமிக்கு இந்தப் பத்திரிகையை யாராவது வாசித்துக் காட்டுவார்கள். கோபம் இன்னும் கூடும். ஆனாலும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உங்கள் படலைக்குப் போவேன். தொடாதே என்றதால் தொடமாட்டேன், வெளியே நிற்பேன். ஏசினால் கேட்பேன், தண்ணீர் ஊற்றினால் நனைவேன். தன் மகளுக்காக ஏசுவதற்கு அவவுக்கு ஒருத்தி வேண்டும், அதற்கு நான் இருக்கிறேன். அவவுக்கு முடியாத நாளில் உங்கள் காணிக்குத் தண்ணீர் கட்டுவதும் என் வேலைதான். ஆனால் நான் சொன்னதைத் திருப்பி எடு என்று மட்டும் கேட்கவேண்டாம். அந்தச் சொல்லை உனக்காக எங்கே வேண்டுமானாலும், யாருக்கு முன்னால் வேண்டுமானாலும், இன்னொரு தடவையும் சொல்வேன்.

பேசவேண்டிய அன்று பேசாமல் நின்ற,
இனி நிற்கமாட்டாத,
உன் மச்சாள்
பரமேஸ்வரி
உருத்திரபுரம்